டச்சப் அக்காவின் இரண்டாவது வகுப்பு

என் பாஸ்போர்ட்டில் இருப்பது நான் இல்லை. என்னைவிடக் கொஞ்சம் ஒழுங்கான ஒரு பெண். இடது புருவத்தை இரண்டாக வெட்டும் தழும்பு எனக்கு உண்டு, அவளுக்குக் கிடையாது. மூன்று வருடம் நாடு நாடாகத் திரிந்தபோது, எல்லைகளில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஓரமாக நிற்கச் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் என் சித்தி. ஃபோட்டோ ஸ்டூடியோவில் டச்சப் செய்வது அவள் வேலை. மருவை எடுப்பாள், மூடிய கண்ணைத் திறப்பாள், கோணல் காலரை நிமிர்த்துவாள். "உனக்குன்னு பார்த்துப் பார்த்துப் பண்ணேன்டி" என்று பெருமையாகச் சொல்லித்தான் அந்தப் படத்தைக் கொடுத்தாள்.

நான் திரும்பி வந்தபோது அவள் அந்த வேலையை விட்டிருந்தாள். ஐம்பத்தொரு வயதில், கலைக் கல்வியில் முதுகலை படிக்கச் சேர்ந்திருந்தாள். குழந்தைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்பதுதான் படிப்பு. கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய ஓவியப் பட்டம் ஒன்று பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடந்தது. அதைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

"என்ன சித்தி திடீர்னு?" என்று கேட்டேன்.

"திடீர்னு எல்லாம் இல்லடி. ஃபோட்டோன்னா பயந்து அழுற குழந்தைங்களை முதலாளி என் மேஜைக்கு அனுப்பிடுவார். வீணாப்போன பிரிண்டைத் திருப்பிப் போட்டு, ஒரு பென்சிலைக் குடுப்பேன். கொஞ்ச நேரத்துல அழுகை நின்னுடும். அந்த அழுகை நிக்கிறதைப் பார்க்கத்தான் இத்தனை வருஷமா வேலைக்குப் போயிருக்கேன்னு ஒருநாள் உறைச்சுது."

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். "வீட்டுல ஒரு மாணவி, ஒரு ஊர்சுற்றி. ரெண்டு பேரும் எங்கேயோ போறீங்க. நான்தான் தினம் மேலயும் கீழயும் போறேன், முன்னாடி மட்டும் போகவே இல்லை" என்று சொல்லிக்கொண்டே சித்தியின் வண்ணப் பெட்டிகளுக்கு அலமாரி அடித்துக் கொடுத்தார். ஊர்சுற்றி என்றால் நான். இரண்டு வாரம் என்று சொல்லி அவர்கள் வீட்டுக் கூடத்துச் சோபாவில் படுத்தவள், அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே வேர்விட்டிருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் சித்தி உள்ளே வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஊத்திக்கிச்சு."

ஊற்றிக்கொண்டது அவளுடைய முதல் பயிற்சி வகுப்பு. ஒரு பள்ளியில் ஏழு வயதுக் குழந்தைகளுக்கு அவள் வகுப்பு எடுக்க, பேராசிரியை பின்னால் உட்கார்ந்து பார்த்து மதிப்பெண் போடுவார். தெரிந்த ஒரு மிருகத்தை வரையச் சொல்லியிருக்கிறாள். நாயின் பின்னங்கால் வராமல் ஒரு குழந்தை, "மிஸ், நீங்களே போட்டுக் குடுங்க" என்று தாளை நீட்டியது.

"நான் யோசிக்கிறதுக்குள்ள கால் வந்துடுச்சுடி. என்னா கால்ங்கிறே! மூட்டு, நகம், நிழல் எல்லாம் இருக்கு. அதைப் பார்த்துச்சு அந்தக் குழந்தை. பென்சிலை டப்பாவுல போட்டு மூடிடுச்சு."

அதற்குப் பிறகு பூனைக் காது கேட்டு ஒருவன், மீன் வால் கேட்டு ஒருத்தி. கடைசியில் வரிசை கதவு வரைக்கும் போய்விட்டது. மணி அடித்தபோது, வகுப்பில் ஒரு குழந்தைகூட உட்கார்ந்திருக்கவில்லை. சித்தி மட்டும் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள்.

"மேடம் என்ன சொன்னாங்க?"

"'ஒருத்தங்க ரொம்ப நல்லா வரைஞ்சாங்க. அது நீங்க'ன்னாங்க."

குழந்தையின் தாளில் ஆசிரியர் கை படக்கூடாது என்பது அந்தப் படிப்பின் அரிச்சுவடி. சித்திக்கு அது தெரியாமல் இல்லை. அதைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி, வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியவள் அவள்தான். அவளுக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. கூடப் படிக்கிற இருபத்துச் சொச்ச வயதுப் பிள்ளைகள் விஷயம் கேள்விப்பட்டு, மறுநாளே 'டச்சப் அக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேன்டீனில் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு வந்தாள். வீட்டில் சிரிக்கவில்லை.

இன்னும் ஒரு பயிற்சி வகுப்பு பாக்கி. அதிலும் தவறினால் அந்த வருடம் பட்டம் இல்லை.

"அடுத்த வருஷம் பார்த்துக்கலாமே சித்தி" என்றேன்.

"அடுத்த வருஷமும் இதே கைதானேடி?" என்று இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேராக நீட்டினாள். "இது அடங்கலைன்னா நான் டீச்சரே கிடையாது. மறுபடியும் ஸ்டூடியோவுல போய் மருவை எடுத்துக்கிட்டு உட்கார வேண்டியதுதான்."

அப்படித்தான் நான் அவளுடைய குழந்தை ஆனேன். எனக்குச் சுத்தமாக வரையத் தெரியாது என்பது முதல்முறையாக ஒருவருக்கு உபயோகப்பட்டது. சமையலறை மேஜையில் நான் கெட்டிலை வரைவேன். மூக்கு கோணியதுமே சித்தியின் விரல்கள் மேஜை மேல் ஊர்ந்து வரும். கரண்டியால் ஒன்று போடுவேன். தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துப் பார்த்தாள். தேநீர் தாளில் சிந்தியது. பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த அன்று சித்தப்பா எட்டிப் பார்த்தார்.

"ஆபரேஷனா? ஆள் பிழைச்சுக்குவாளா?"

"நீங்க போங்க அந்தப் பக்கம்!"

கை அடங்கியதும் வாய் கிளம்பிவிட்டது. "கோட்டை இன்னும் கொஞ்சம் இடது பக்கம்... அவ்வளவு இல்லை... ஆங், நிறுத்து. இப்போ லேசா வளை..."

"சித்தி, இது வாயால பண்ற டச்சப்."

அவள் முகம் விழுந்துவிட்டது. ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது எனக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் வரைந்தேன். இரண்டு சக்கரமும் வந்தன, சீட்டும் வந்தது. பெடல்கள் எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் அந்தரத்தில் தொங்கின. "போட்டுக் குடுங்க மிஸ்" என்று வேண்டுமென்றே சிணுங்கினேன்.

சித்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "எங்க ஒட்டும்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்." ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தாள். "சைக்கிள் கீழதானே நிக்குது? போய்ப் பார்த்துட்டு வா."

"நாலு மாடி சித்தி!"

"உலகத்தையே சுத்தினவளுக்கு நாலு மாடி ஒரு மாடியா?"

லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் ஓடாது. அது எங்கள் தலையெழுத்து. இறங்கிப் போய்ச் சைக்கிள் முன்னால் குந்தினேன். எத்தனையோ ஊர்களில் வாடகைச் சைக்கிள் மிதித்திருக்கிறேன். பெடல் எதில் போய்ச் சேர்கிறது என்று அன்றுதான் பார்த்தேன். மேலே வந்து மூச்சு வாங்க வரைந்தேன். அழகான சைக்கிள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்; ஆனால் ஏறி மிதித்தால் ஓடும். நிமிர்ந்து பார்த்தபோது சித்தியின் கைகள், கையுறை இல்லாமல், மடியில் கிடந்தன. அதை அவளே கவனிக்கவில்லை.

இரண்டாவது வகுப்பன்று தாள் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். பேராசிரியைக்குச் சித்தியைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். வகுப்பின் கடைசி வரிசையில், குழந்தைகளுக்கான குட்டை நாற்காலியில் முழங்கால்கள் உயர உட்கார்ந்து, மடியில் ஃபைலைத் திறந்து வைத்திருந்தார். சித்தி கரும்பலகையில் எழுதினாள்: உட்கார்ந்திருக்கும் ஒருவர்.

"வேற எதுவும் கிடைக்கலையா சித்தி?" என்று கிசுகிசுத்தேன். "ரொம்பக் கஷ்டம் இது."

"சுலபமானதைக் குடுத்தா யாரும் என்னைக் கூப்பிடவே மாட்டாங்க. கூப்பிட்டாத்தானே இந்தக் கை என்ன பண்ணுதுன்னு தெரியும்?"

ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணாடி போட்ட ஒரு சிறுமி தாளைத் தூக்கிக் காட்டினாள். "மிஸ், எப்படிப் போட்டாலும் நிக்கிற மாதிரியே வருது. கால் மடங்கவே மாட்டேங்குது. நீங்க போட்டுக் குடுங்க."

சித்தியின் கை கிளம்பியதைப் பார்த்தேன். மேஜை விளிம்பு வரைக்கும் போனது. அங்கே நின்று, திரும்பி, வகுப்பின் கடைசியைக் காட்டியது.

"அதோ, மேடம் உட்கார்ந்திருக்காங்க பாரு. அவங்க கால் எப்படி மடங்கியிருக்குன்னு போய்ப் பார்த்துட்டு வா."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பேராசிரியை சுத்தமாக எதிர்பார்க்கவில்லை. சிறுமி போய் அவர் எதிரே குந்தி, முழங்காலுக்கு நேராக மூக்கை வைத்துப் பார்த்தாள். பின்னாலேயே இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வரிசை. இந்த முறை யார் கையிலும் தாள் இல்லை.

"மேடம், ஆடாதீங்க."

"மேடம், காலை மாத்திட்டீங்க. முன்னாடி இருந்த மாதிரியே வைங்க."

ஒருவன் நாற்காலிக்கு அடியில் படுத்து ஆராய்ந்தான். பேராசிரியை பேனாவை அந்தரத்தில் பிடித்தபடி, எழுதவும் முடியாமல் எழுந்திருக்கவும் முடியாமல் சிலையாக இருந்தார். சிரிப்பை அடக்க நான் தாள் கட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

பிறகு எல்லோரும் இடத்துக்கு வந்து வரைந்தார்கள். ஒரு தாளில் முழங்கால் படிக்கட்டு மாதிரி இருந்தது, இன்னொன்றில் மடக்கிய குடை மாதிரி. சித்தி வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். முதுகுக்குப் பின்னால் ஒரு கை இன்னொரு கையை, போலீஸ்காரர் திருடனைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தது.

கண்ணாடிச் சிறுமியின் படத்தில் கால் மடங்கிவிட்டது. அவள் முகத்துக்குப் போனாள். கண், மூக்கு, வாய். பிறகு ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மோவாயில் கன்னங்கரேலென்று, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு மச்சம் வைத்தாள்.

பேராசிரியைக்கு மோவாயில் மச்சம் உண்டு. உளுந்து அளவுகூட இருக்காது.

சித்தி அந்த மேஜை பக்கத்தில் நின்றுவிட்டாள். இத்தனை வருடமாக ஒரு முகத்தில் அவள் முதலில் தொடுகிற இடம் அதுதான். தாள் ஓரத்தில் ரப்பர் கிடந்தது. அவள் கை அதை எடுத்தது. பின்னாலிருந்து பேராசிரியை எழுந்து வந்துகொண்டிருந்தார்.

ரப்பரோடு விரல்கள் மூடிக்கொண்டன. அவ்வளவுதான்.

"நீங்களே வெச்சுக்கோங்க மிஸ்" என்றாள் சிறுமி, தலை நிமிராமல். "எனக்கு ரப்பர் வேண்டாம்."

பேராசிரியை குனிந்து படத்தைப் பார்த்தார். "இது யாரு?"

"நீங்கதான்."

"நான்தான்னு எப்படித் தெரியும்?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோல அவள் பார்த்தாள். "மச்சம் இருக்கே."

பேராசிரியையின் விரல் தானாக மோவாயைத் தொட்டது. "ஆமா, இருக்கு" என்றார். "எனக்குத் தருவியா இதை?"

"ம்ஹூம். அம்மாகிட்ட காட்டணும்."

வெளியே தாழ்வாரத்தில் அவர் ஃபைலை மூடிவிட்டுச் சித்தியிடம் சொன்னார்: "என்னை மாடலாக்கப் போறீங்கன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நல்ல நாற்காலியா பார்த்து உட்கார்ந்திருப்பேன். முட்டி விட்டுப்போச்சு."

"மேடம்... பாஸ்தானே?"

"பின்னே? உங்க கை எங்கேயும் படலையே."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் சித்தி விரல்களைப் பிரித்தாள். "ஐயையோ, அந்தக் குழந்தையோட ரப்பர்!" என்று பதறினாள். திங்கட்கிழமை முதல் வேலையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கைப்பையில் பத்திரப்படுத்தினாள். பிறகு என் முகத்தை, குறிப்பாகப் புருவத்தை, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அந்தப் பாஸ்போர்ட் எப்போடி முடியுது?"

"அடுத்த வருஷம்."

"புதுசுக்கு ஃபோட்டோ எடுத்தா அப்படியே குடுத்துடு. என்கிட்ட கொண்டு வராதே."

"சரி."

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"வேணும்னா அந்த முடியை மட்டும் லேசா ஒதுக்கி..."

"சித்தி!"

"சரி சரி, ஒண்ணும் சொல்லலை" என்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.