ஒரு ஸ்பூன் தண்ணீர்

காம்பு வளைந்த அந்த எவர்சில்வர் ஸ்பூனை இன்னும் தனியாகத்தான் வைத்திருக்கிறேன். எழுபதுகளின் கடைசியில், என் அப்பா, நைனாவுக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டு, பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது நான் அள்ளிக்கொண்டு வந்த சாமான்களில் அதுவும் ஒன்று. ஏழாவதோடு படிப்பை விட்டவள் நான். எதற்கெடுத்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

வார்டு சிஸ்டர் அந்த ஸ்பூனை வாங்கினார். நைனாவை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரே ஒரு ஸ்பூன் தண்ணீரை வாயில் விட்டார். அவர் தொண்டைக்கு வெளியே இரண்டு விரலை வைத்துக்கொண்டு, "முருகான்னு சொல்லுங்க பெரியவரே" என்றார். நைனா இருமாமல் சொன்னார். குழறல் ஒரு பக்கம் இருக்கட்டும், குரலே தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் களகளவென்றது. "வாயால ஒண்ணும் குடுக்கக்கூடாது. மூக்குல குழாய் போட்டுக் கஞ்சி போவும்."

மறுநாள் பெரியப்பா மலையேறி, சொம்பில் அபிஷேகப் பால் வாங்கிவந்தார்.

"அவன்தான் இருமவே இல்லியேம்மா?"

"இருமலன்னா இன்னும் மோசங்க. பாலு நேரா நுரையீரலுக்குப் போவும், அவருக்கே தெரியாது."

"சாமி பாலையே தடுக்கறியே, நீ இன்னா சாமிக்கு மேலயா?"

"மலைக்கு அவரு, இந்தக் கட்டிலுக்கு நானு. நெத்தியில வைங்க, நாக்குல வேணாம்."

வார்டே சிரித்தது. பெரியப்பா சிரிக்கவில்லை. சிஸ்டர் சாப்பிடப் போனதும், "ஊத்துடி. அவன் செத்தா பாவம் உனுக்குத்தான்" என்று சொம்பை நீட்டினார். ஊற்றினால் உயிர் போகுமோ, ஊற்றாவிட்டால் சாமி குத்தமோ. ஆனால் அந்தக் களகள சத்தம் காதை விட்டுப் போகவில்லை. சொம்பின் வாயைக் கையால் மூடினேன். "ஊத்தமாட்டேன் பெரியப்பா. வேணும்னா அடிங்க." பெரியவர்களை நான் எதிர்த்தது அதுதான் முதல் தடவை. திரும்பிவந்த சிஸ்டர் பாராட்டவெல்லாம் இல்லை. "கைய கழுவிக்கோம்மா, பால் பிசுக்கு" என்றார்.

தினமும் ஒரு ஸ்பூன், ஒரு முருகா. பத்தாம் நாள் குரல் ஈரமில்லாமல் தெளிந்து வந்தது. சிஸ்டரே பெரியப்பாவைக் கூப்பிட்டார்: "இப்போ கொண்டாங்கய்யா உங்க மலைப் பாலை. ஸ்பூன் ஸ்பூனா."

இன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில், அதேபோல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, என் வீட்டுக்காரர். டாக்டர் இன்னும் வரவில்லை. மகன் டம்ளரோடு நிற்கிறான். "ஒரு வாய் காபிதானேம்மா, கேக்கறாரு பாவம்." அவரை நிமிர்த்தி அதே ஸ்பூனில் தண்ணீர் விட்டு, முருகா சொல்லச் சொன்னேன். களகள.

டம்ளரின் வாயை மூடினேன். "டாக்டர் வரட்டும்" என்றேன். கையை எடுக்கவில்லை.