சாரி கார்டு போடாத ஞாயிறு

பேய், ஆவி, காத்து, கருப்பு எதிலும் எனக்கு அப்போதும் நம்பிக்கை இல்லை, இப்போதும் இல்லை. திருவாரூரில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் நான். மோட்டார் ஓடவில்லையென்றால் காரணம் இருக்கும், பிரித்தால் தெரியும், எனக்குத் தெரிந்த வேதம் அவ்வளவுதான். நீங்கள் சிரிக்கப்போகிறீர்கள் என்று தெரியும். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

என் மனைவி ஸ்டெல்லா நர்ஸ். கல்யாணமாகி எட்டே மாதத்தில் குவைத்துக்குப் போய்விட்டாள். அப்போது எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேர் பாஸ்போர்ட்டும் கையுமாக அலைந்த காலம். எல்லா வீட்டிலும் ஆம்பளை போவான், எங்கள் வீட்டில் பொம்பளை போனாள். "என்ன மாப்ள, சோறு நீயே வடிக்கிறியா?" என்று கிண்டல் செய்வார்கள். வடிப்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, தனியாக உட்கார்ந்து தின்பதுதான் கஷ்டமாக இருந்தது.

ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாள், நான் வரும்போது சைக்கிளோடு பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்காதீர்கள், ஒரு பைக் வாங்குங்கள், உங்கள் பின்னால் உட்கார்ந்து வேளாங்கண்ணிக்குப் போகவேண்டும் என்று. ஊருக்கு வரும்போது கட்ட ஒரு புடவை எடுத்து வைத்திருக்கிறாளாம், நிறம் மட்டும் சொல்லமாட்டாளாம்.

புதுப்புது மாடல்கள் வந்து இறங்கியதில் பழைய வண்டிகளை ஆட்கள் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். மன்னார்குடி வாத்தியார் ஒருவரிடம் சிவப்பு நிற நூறு சிசி வண்டி ஒன்று கிடைத்தது. என் வாழ்க்கையின் முதல் பைக். கிளட்சை விடத் தெரியாமல் கடைவீதி நடுவில் நாலு தடவை ஆஃப் ஆகி நின்றேன், மானம் போனது. ஆனாலும் வண்டியை விட்டு இறங்க மனசு வரவில்லை.

மெக்கானிக் ஹாஜா பாயிடம் விட்டு ஒவ்வொன்றாக மாற்றினேன். புது பிஸ்டன், புது டயர், இரண்டு பக்கமும் கண்ணாடி. பின்சீட்டுக்கு மட்டும் பஞ்சு அதிகம் வைத்துத் தைக்கச் சொன்னேன். கடைசியில் பாய் கேட்டார்.

"சாரி கார்டும் போட்டுடவா தம்பி?"

பின்னால் ஒருபக்கமாக உட்காரும் பெண்களின் புடவை சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் போடுகிற கம்பித் தடுப்பு அது.

"அவ வரும்போது போட்டுக்கலாம் பாய். இப்ப பின்னாடி யாரு உக்காரப்போறா?" என்றேன்.

எங்கள் ஆட்கள் வண்டி வாங்கினால் வேளாங்கண்ணியில் மந்திரிக்காமல் ஓட்டமாட்டார்கள். அவளோடுதான் போவதென்று வைத்திருந்தேன். அவள் லீவோ இரண்டு தடவை தள்ளிப்போய்விட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்கு நான் மட்டும் கிளம்பிவிட்டேன்.

அறுவடை நேரம், ரோடெல்லாம் வைக்கோல் பரப்பியிருந்தார்கள். அதன் மேல் மெதுவாக ஏறி இறங்கும்போதுதான் தெரிந்தது, பின்பக்கம் கனம் கூடியிருந்தது. டயரில் காற்று இறங்கிவிட்டதென்று நிறுத்திப் பார்த்தேன். டயர் கல்லு மாதிரி இருந்தது. மறுபடி கிளம்பினேன், மறுபடி அதே கனம். கொஞ்ச தூரத்தில் என் வலது தோளில் ஒரு கை. நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயமே வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் போய்விடுமோ என்று கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் ஓட்டினேன்.

கீவளூரில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். டீ என்றுதான் சொன்னேன், கடைக்காரர் இரண்டு கிளாஸை வைத்தார்.

"நான் ஒருத்தன்தாங்க."

"அக்கா வண்டிகிட்ட நின்னாங்களே?" என்று வெளியே எட்டிப்பார்த்தார். வண்டியருகே யாரும் இல்லை. ஆற்றி வைத்த டீயை வீணாக்குவானேன் என்று இரண்டையும் நானே குடித்தேன்.

நாகப்பட்டினம் நெருங்கும்போது பின்சக்கரத்தில் சர்ரென்று ஒரு சத்தம். வண்டி உதறி நின்றது. தோளில் கை இல்லை, கனமும் இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அவளுக்கு அங்கே என்னவோ ஆகிவிட்டதென்றே நினைத்தேன். மறுபடி உதைத்ததும் வண்டி கிளம்பிவிட்டது, ஆனால் மாதா கோவிலில் அதை மந்திரிக்கவே மறந்துபோனேன், அவள் உயிரோடு இருந்தால் போதும் என்று முட்டி போட்டு அழுதேன். சாயங்காலம் எஸ்டிடி பூத்திலிருந்து ஹாஸ்டலுக்குப் போன் போட்டால் அவளே எடுத்தாள்.

"நல்லாத்தாங்க இருக்கேன். காலைலேருந்து தூக்கமா வருது, அவ்வளவுதான். ஏன் அழுவுறீங்க?"

மறுநாள் ஹாஜா பாய் சக்கரத்தைக் கழற்றினார். அச்சில் சுற்றிக்கொண்டிருந்ததை இழுத்து வெளியே போட்டார். ஒரு சாண் நீளத்துக்குப் புடவைத் துணி, மயில்கழுத்து நிறம், ஓரத்தில் சின்னச் சின்னப் பூ.

"கார்டு போடாம லேடீஸ ஏத்தலாமா தம்பி? அடி கிடி படலையே அந்தப் புள்ளைக்கு?" என்று சத்தம் போட்டார். அன்றைக்கே சாரி கார்டை மாட்டினேன்.

ஆவணியில் ஸ்டெல்லா வந்தாள். பஸ் ஸ்டாண்டில் பைக்கோடு நின்றேன். கட்டியிருந்தது ஏதோ பழைய புடவை. வீட்டில் பெட்டியைத் திறந்ததும் குறைப்பட்டுக்கொண்டாள்.

"உங்களுக்குக் காட்டணும்னு ஆசையா வெச்சிருந்தேங்க. கட்டவே இல்ல, பூட்டின பெட்டிக்குள்ளயே முந்தானை கிழிஞ்சு கிடக்கு. அந்த ரூம்ல எலிகூடக் கிடையாது."

மயில்கழுத்து நிறம். அவள் குளிக்கப் போனபோது வண்டியின் டூல் பாக்ஸில் பத்திரப்படுத்தியிருந்த அந்தக் கிழிந்த துணியை எடுத்துவந்து வைத்துப் பார்த்தேன். நூலுக்கு நூல் பொருந்தியது. அவளிடம் நான் சொல்லவில்லை, பயந்துவிடுவாள். இரண்டு பேருமாக வேளாங்கண்ணிக்குப் போனோம், நாகூர் வழியாகச் சுற்றிக்கொண்டு. கீவளூர் வழியில் அவளை ஏற்றிப்போக எனக்குத் தைரியம் இல்லை.

நாற்பது நாளில் அவள் திரும்பிப் போனாள். விமானம் ஏற்றிவிட்டு வந்த மறுநாளே பாயிடம் போய் நின்றேன்.

"சாரி கார்டைக் கழட்டிடுங்க பாய்."

"ஏன் தம்பி?"

கார்டு இல்லாததால்தான் அன்றைக்கு வந்தாள் என்று என் மரமண்டைக்குத் தோன்றியது. அதற்கப்புறம் எத்தனை ஞாயிற்றுக்கிழமை, அதே ஏழு மணிக்கு, அதே ரோட்டில். பின்சீட்டில் ஒரு கனமும் ஏறவில்லை.

பதினெட்டு வருஷம் கழித்து ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டாள். முட்டிவலி, பைக்கில் ஏற முடியாது. போன வருஷம் பஸ்ஸில்தான் வேளாங்கண்ணிக்குப் போனோம். அந்தப் பஸ் கீவளூர் வழி. ஜன்னலோரம் அரைத்தூக்கத்தில் இருந்தவள் அந்த டீக்கடையைப் பார்த்துச் சிரித்தாள்.

"இங்கதான, ரெண்டு டீயையும் நீங்களே குடிச்சீங்க? என்னை ஒரு வார்த்தை கேக்கல."

அந்த டீயைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை. கொஞ்ச நேரத்தில் அவள் முகத்தில் சிரிப்பு மறைந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நாம எப்பங்க இங்க வந்தோம்?"