சித்திரையில் ஹீட்டர்

அப்பா வாடகைக்கு ஓட்டிய பழைய காரில் யாரும் தொடாத குமிழ் ஒன்று இருந்தது. நீலக் கோட்டிலிருந்து சிவப்புக் கோட்டுக்குத் திருப்பினால் ஹீட்டர். அயனம்பாக்கத்தில் ஹீட்டருக்கு என்ன வேலை? ஒருமுறை கேட்டதற்கு, "அது ஊட்டிக்காரனுக்கு வச்சது" என்று சொல்லிவிட்டார்.

ஒரு சித்திரை வெயிலில் அவரே அதைத் திருப்பினார்.

என்னை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் பூந்தமல்லிப் பக்கம் ஒரு பெரிய பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தோம். பத்து மணிக்கு நுழைவுத் தேர்வு. கேட்டை மூடினால் மூடியதுதான். எங்கள் குடும்பத்தில் அதுவரை பள்ளிப் படிப்பை முடித்தவர் எவரும் இல்லை என்பதால், அம்மா அதை ஒரு கல்யாணம் போல எடுத்துக்கொண்டாள். கஞ்சி போட்ட கவுன், இரட்டைச் சடை, முகத்தில் தாராளமாகப் பவுடர். "ஏசி போட்டுக்கினு போலாம்யா, புள்ள வேர்க்காம போய் எறங்கணும்" என்று முந்தின நாளே சொல்லி வைத்திருந்தாள். மழையிலும் பனியிலும் சவாரிக்காரர்கள் ஏசி கேட்கவில்லை. ஆயுத பூஜைக்குப் பிறகு அன்றுதான் அதைப் போட்டார்.

வண்டி ஓடும்வரை ஜில்லென்று இருந்தது. குமணன்சாவடியில் லாரிகளுக்கு நடுவே நின்றதும் அனல் அடித்தது. நகர்ந்தால் ஜில். நின்றால் அனல். எனக்கு விளையாட்டாக இருந்தது. அப்பாவோ ஸ்டியரிங்குக்குப் பின்னால் இஞ்சின் சூட்டைக் காட்டியபடி ஏறிக்கொண்டிருந்த சின்ன முள்ளையே பார்த்தார். அது சிவப்பைத் தொடப் போகும்போது ஏசியை அணைத்தார், நாலு கண்ணாடியையும் இறக்கினார், அந்தக் குமிழைக் கடைசிவரை திருப்பினார். இட்லிப் பானையின் மூடியைத் திறந்ததுபோல் காலடியிலிருந்து சூடு கிளம்பியது.

"இன்னாய்யா பண்ற? புள்ளைய அவிச்சு எடுக்கப் போறியா?" என்றாள் அம்மா.

"கம்முனு குந்தும்மே. இஞ்சின் சூட்டத்தான் உள்ள இஸ்துகினு கீறேன். இல்லாங்காட்டி வண்டி இங்கியே நின்னுரும்."

பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா அண்ணாத்தே, வெயிலு பத்தலியா?"

"வண்டிக்கு ஜலுப்பு புடிச்சிக்கிச்சு நைனா" என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். நான் அழுதேன். பவுடர் கழுத்து வழியாக இறங்கிக் கவுனில் சேறானது. ஆனால் முள்ளும் இறங்கியது. காவலாளி கேட்டின் சங்கிலியைக் கையில் எடுத்திருந்தபோது போய்ச் சேர்ந்தோம்.

தேர்வு எழுதிவிட்டு வந்தபோது, வாசலில் நின்ற மற்ற அம்மாக்களிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஆயுத பூசைக்கு வண்டி மூஞ்சில நான் கட்டுன மாலைதாம்மா எங்கள கொண்டாந்து சேத்துது."

அந்தப் பூஜையில் வண்டிக்கு முன்னால் என் புத்தகங்களை அடுக்கி, இரண்டுக்கும் சேர்த்து ஒரே நீள மாலையாகச் சாமந்தி கட்டியிருந்தாள். பூக்கடை நூல் அறுந்துவிடும் என்று நைலான் நூலில் கட்டினாள். காய்ந்த பிறகும் அவிழ்க்க விடவில்லை. சாமிக்குப் போட்டது தானாக உதிரட்டும் என்றாள்.

சாயங்காலம் அம்மாவின் தம்பி வந்தார். ஆவடியில் கார் ஏசி பார்க்கும் ஷெட்டில் வேலை செய்கிற மாமா. இஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டதும் 'டக்'கென்று ஒரு சத்தம். "கம்ப்ரஸர் புடிக்குது" என்றார். ஒரு பைப்பைத் தொட்டுப் பார்த்து, என் கையையும் எடுத்து அதன்மேல் வைத்தார். குளிர்ந்தது.

"கேஸும் கீது. ஓட சொல்ல ஜில்லு, நிக்க சொல்ல சூடு. அப்போ காத்துதான் பத்தல மாமே. நிக்க சொல்ல காத்து குடுக்கிறது எது?"

"முன்னாடி ஃபேனு" என்றார் அப்பா.

வண்டியின் முன்பக்கக் கம்பிகளுக்குள் மாமா டார்ச் அடித்தார். ஃபேன் அசையாமல் நின்றது. இஞ்சினை அணைத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி இழுக்க, முழம் முழமாக நைலான் நூல் வந்தது. நடுநடுவே கருகிய சாமந்திக் காம்புகள்.

"யக்கா, இங்க வந்து பாரேன்..." என்று ஆரம்பித்த மாமாவின் வாயை அப்பா கிரீஸ் கையாலேயே பொத்தினார். மறுகையால் நூலைச் சுருட்டிச் சட்டைப் பையில் திணித்தார்.

அம்மா வெளியே வந்தாள். "இன்னாடா கூப்ட்ட?"

"காபி கேட்டேங்க்கா" என்றார் மாமா, கறுத்த வாயோடு.

"மொதல்ல மூஞ்சத் தொடச்சிக்க. வண்டிக்கு இன்னாவாம்?"

"ஃபியூஸு போய்ட்டுதும்மே" என்றார் அப்பா. நூல் இறுக்கியதில் அதுவும் போயிருந்தது. மாமா அதை மாற்றியதும் ஃபேன் சுற்றியது.

"பாத்தியா? அப்டி இருந்தும் என் மாலை கொண்டாந்து சேத்துச்சே!"

"ஆமாமே" என்றார் அப்பா.

அந்தப் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்தது. கல்லூரியும் முடித்து இப்போது அம்பத்தூரில் வேலைக்குப் போகிறேன். இன்றும் அம்மா நைலான் நூலில்தான் மாலை கட்டுகிறாள். அப்பா அதை வாங்கி வண்டியின் கூரைக்கு மேல் சுற்றுகிறார். "மேல இருந்தாத்தான் ஊருக்கே தெரியும்" என்கிறார். அம்மாவுக்குப் பெருமை தாங்குவதில்லை. இப்படி இருவர் எனக்கு வாய்த்ததில் என் பெருமையும் குறைந்ததில்லை.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா பொய் சொல்கிறார் என்பதுதான். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று எனக்குச் சொன்னவரே அவர். சாமிக்குப் போட்ட மாலையின் நூலைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு இப்படிச் சொல்கிறாரே என்று, அவர் காபி குடித்து முடிக்கும்வரை அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் என்றுதான் புரியவில்லை.