கதவு மூடும்வரை காத்திருக்கும் வரி

என் வீட்டுக்காரரை அலுவலகத்தில் அஸ்திவாரம் என்று கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேரே அல்ல. ஆனாலும் அவருக்குத் தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. லிஃப்டுகளை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி தயாரிக்கிற கம்பெனி அது. அந்தப் பெட்டிக்குள் ஓடும் மென்பொருளில் அடியிலும் அடி, இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கிற பகுதி இவருடையது. திரை, மாடி எண், மணியோசை எல்லாம் மற்றவர்கள் எழுதுவது. கதவு மூடியதா, பிரேக் விட்டதா என்று பார்ப்பது இவர் எழுதியது. கல்யாணமான புதிதில், நீங்கள் எழுதியது எங்கே தெரியும் என்று ஆசையாகக் கேட்டேன். யாருக்கும் தெரியாமல் இருந்தால் நன்றாக எழுதியிருக்கிறேன் என்று அர்த்தம் என்றார். இப்படிப்பட்ட மனுஷனோடு குடும்பம் நடத்துவது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலும் அதே கதைதான். வாசல் கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார், நாலடி நடந்துவிட்டு மறுபடி வந்து இழுப்பார். அடுப்பை அணைத்துவிட்டேன் என்று நான் சொன்னால் தலையாட்டுவார், பிறகு பூனை மாதிரி போய் எட்டிப் பார்ப்பார். சண்டை போட்டுப் போட்டு எனக்கே அலுத்துவிட்டது.

என் தம்பியை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதும் இவர்தான். சின்னவன் என்று பெயர், ஆள் ஆறடி. அதற்கு முன் வேலை பார்த்த இடங்களில் எல்லாம் மேலதிகாரியோடு முட்டிக்கொண்டு வெளியே வந்தவன். நம்ம பையன் என்று இவர்தான் பொறுப்பேற்று உள்ளே கொண்டுபோனார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தனியாக அறை எடுத்திருந்தாலும் சாப்பாடு பாதி நாள் எங்கள் வீட்டில்தான். மாமாவும் மச்சானும் தட்டைப் பார்க்காமல் கம்பைலர் பற்றியே பேசுவார்கள். மனிதர்கள் எழுதுவதை எந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருகிற மென்பொருள்தான் கம்பைலர். கேட்டுக் கேட்டு எனக்கே அத்துப்படி.

அங்கே பயன்பாட்டில் இருந்தது அரதப் பழசான பதிப்பு. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதே நின்றுவிட்டது, புதிய பதிப்புக்குப் போயே ஆகவேண்டும் என்று சின்னவன் ஒற்றைக்காலில் நின்றான். மேலாளரைச் சம்மதிக்கவைத்து, அந்த வேலை முழுவதையும் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தும் முடித்தான்.

மாற்றிய கையோடு வினை வந்தது. சோதனைக் கூடத்து லிஃப்டில் ஏறிப் பொத்தானை அழுத்தினால் கதவு மூடும், அதோடு சரி. மேலேயும் போகாது, கீழேயும் போகாது. எப்போதும் அப்படியில்லை, அதற்குத் தோன்றும்போது மட்டும். எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிக்க, நடுவில் ஒரு செய்தியை அச்சிடும்படி ஒரு வரி சேர்த்தார்கள். சேர்த்தவுடன் சமர்த்தாக ஓடியது. அந்த வரியை எடுத்தால் மறுபடி நின்றது. டாக்டர் வாசலை மிதித்ததும் பல்வலி காணாமல் போகுமே, அந்த மாதிரி. பழைய கம்பைலரைக் கொண்டு மாற்றி ஓட்டினால் ஒரு தொந்தரவும் இல்லை.

கூட்டம் போட்டார்கள். மேலாளர் இவரைப் பார்த்துக் கேட்டார். இவர் மனமறிந்து பொய் சொல்லவில்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். என் பகுதி இத்தனை வருஷமாக ஓடுகிறது, இப்போது மாறியது கம்பைலர் ஒன்றுதான் என்று மட்டும் சொன்னார். போதாதா? அஸ்திவாரமே சொன்ன பிறகு யார் மறுபேச்சு பேசப்போகிறார்கள்? புதிய கம்பைலரைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். பெட்டிகளை அனுப்பும் தேதி ஏற்கெனவே தள்ளிப்போயிருந்தது, அதற்கு ஒரு தலை உருளவேண்டும். இந்த மாதக் கடைசியோடு நின்றுகொள் என்று சின்னவனிடம் சொல்லிவிட்டார்கள்.

இவருக்கு மனசு கேட்கவில்லை. கோளாறு கம்பைலருக்குள்ளேயே இருக்கிறது என்று நிரூபித்துவிட்டால் மச்சான் தப்பித்துவிடுவான் என்று, அது உண்டாக்கிய எந்திரக் கட்டளைகளை ஒவ்வொன்றாக வாசிக்க உட்கார்ந்தார். வாசித்துக்கொண்டே போனவருக்கு அகப்பட்டது, அவரே எப்போதோ எழுதிய ஒரு வரி.

கதவு மூடும்வரை காத்திரு என்கிற வரி அது. கதவு மூடியதும் வேறொரு மூலையிலிருந்து ஒரு மதிப்பு மாறும். இந்த வரி அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். இது தானாக மாறக்கூடியது, ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போய்ப் பார் என்று கம்பைலருக்குச் சொல்ல ஒரு சொல் உண்டாம். அந்தச் சொல்லை இவர் போடவில்லை. பழைய கம்பைலர் அப்பாவி, சொல்லாவிட்டாலும் ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்த்தது. புதியது கெட்டிக்காரப் பிள்ளை. இங்கே யாரும் இதை மாற்றவில்லையே, ஒரு தடவை பார்த்தது போதும் என்று முடிவுகட்டிவிட்டது. பார்த்த நேரத்தில் கதவு மூடியிருந்தால் பிழைத்தது. இல்லாவிட்டால் மூடிய கதவுக்காக லிஃப்ட் காலமெல்லாம் காத்து நின்றது. நடுவில் அச்சிடும் வரி இருந்தால் மட்டும் அதற்குச் சந்தேகம் வந்து மறுபடி பார்த்தது. கம்பைலர் மேல் எள்ளளவும் பிழையில்லை. சின்னவன் மேலும் இல்லை.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, என்னிடம்கூட.

எனக்குத் தெரிந்ததெல்லாம், மனுஷன் திடீரென்று மச்சான் மேல் பாசத்தைக் கொட்டியதுதான். பழைய சிநேகிதர்களுக்கெல்லாம் போன் போட்டு, வெளியூரில் ஒரு கம்பெனியில் அவனுக்கு நேர்காணல் ஏற்பாடு செய்தார். யாருக்காவது ஒரு உதவி என்று போன் பண்ணக் கூச்சப்படுகிறவர். எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு மனுஷன் கிடைக்குமா என்று சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன். நான் பேச ஆரம்பித்தாலே இவர் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். அடக்கம் என்று நினைத்தேன், என்னத்தைச் சொல்ல.

சனிக்கிழமை காலையில் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். இவர் கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொடுப்பது நின்றது. திரும்பிப் பார்த்தால் கண் கலங்கி நிற்கிறார்.

"சின்னவன் மேல தப்பில்ல. அது நான் எழுதுனது. போன வாரமே கண்டுபிடிச்சுட்டேன்."

கையிலிருந்த ஈரத் துண்டை அப்படியே கீழே போட்டேன். எனக்கு வந்த கோபத்தில் பக்கத்து வீடு எதிர் வீடு எதுவும் நினைவில்லை. ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டதற்கு உளறிக் கொட்டினார். எத்தனையோ கட்டடங்களில் மாட்டியிருக்கிற பெட்டிகளில் அந்த வரி இருக்கிறதாம், இத்தனை வருஷமாகச் சேர்த்த பேர் என்ன ஆகும் என்று பயமாம், வேறு வேலை கிடைத்துவிட்டால் அவனுக்கும் நஷ்டமில்லை என்று கணக்குப் போட்டாராம். "அவன் மூஞ்சியப் பாக்க முடியல. அதான் ஏதாவது நல்லது பண்ணிக்கிட்டே இருந்தேன்" என்றார்.

"அவனுக்கா பண்ணுனீங்க? உங்களுக்குல்ல பண்ணிக்கிட்டீங்க" என்றேன். கீழே கிடந்த துண்டை எடுத்து உதறிக் கொடியில் போட்டார்.

திங்கட்கிழமை காலை நேராக மேலாளர் அறைக்குப் போய், வியர்த்து விறுவிறுத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். விட்டுப்போன சொல்லைச் சேர்த்துப் புதிய கம்பைலரில் மாற்றி ஓட்டினார்களாம், லிஃப்ட் ஒழுங்காகப் போய் வந்ததாம். மேலாளர் சிரித்துவிட்டு, உங்களுக்கே நடக்கிறது என்றால் யாருக்கும் நடக்கும், விடுங்கள் என்று தோளைத் தட்டியிருக்கிறார். சின்னவன் நின்றுகொள்ளவேண்டாம், வேலையில் தொடரட்டும் என்றும் சொல்லிவிட்டார். நல்ல சேதிதானே? இவர் கன்னத்தில் அறை வாங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. இதே தப்புக்கு அவனுக்கு வேலை போச்சு. எனக்குக் காபி வாங்கிக் குடுத்தாங்க."

உடனே இரண்டு பேரும் சின்னவன் அறைக்குக் கிளம்பினோம். வெளியூர் வேலை கிடைத்துவிடும் என்று அவன் மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தான். கட்டில் மேல் துணிமணி, தரையெல்லாம் அட்டைப்பெட்டி. இவர் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே ஒப்பித்தார். முழுவதையும் கேட்டுவிட்டு அவன் ஒரு சட்டையை மடித்து வைத்தான்.

"தெரியும் மாமா" என்றான்.

கூட்டம் நடந்த மறுநாளே அந்த வரியை அவன் பார்த்துவிட்டானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் வாய்க்குப் பூட்டா போட்டிருந்தது என்று அவன்மேல் பாய்ந்தேன்.

"நான் சொன்னா, தப்பிச்சுக்க மாமாவ மாட்டிவிடுறான்னுதான்க்கா சொல்லுவாங்க" என்றான். பிறகு இவரைப் பார்த்தான். "அப்புறம் ஒருநாள் ஆபீஸ்ல நீங்க அந்தக் கட்டளைகளத் திறந்து வெச்சு வாசிச்சுக்கிட்டிருந்தத உங்க பின்னாடி இருந்து பாத்தேன். சட்டுனு நிறுத்திட்டீங்க. கண்டுபிடிச்சுட்டாரு, நாளைக்கு மாமா சொல்லிடுவாருன்னு நிம்மதியா வந்து படுத்தேன். மறுநாள் வந்து, எனக்கு வேற ஊர்ல வேலை பாத்திருக்கறதாச் சொன்னீங்க."

மன்னிச்சிடுடா என்று இவர் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. சின்னவன் எழுந்து வந்து, நிற்கிறவரின் கையைப் பிடித்துக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்தான். கோபமாகத்தான் இருந்தான், ஆனாலும் பிடித்து உட்காரவைத்தான்.

"நாளைக்கு வேலைக்கு வந்துடறேன் மாமா. வீட்டுக்கு வர்றதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்."

கணவர் ஒரு பக்கம், கூடப்பிறந்தவன் ஒரு பக்கம். யார் பக்கத்தில் போய் உட்காருவது என்று தெரியாமல் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, அவன் மடித்து வைத்த சட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப அடுக்க ஆரம்பித்தேன்.