காணாமல் போன ‘பிறகு’

என்னைப் போல ஒரு மடையனை இரணியல் வட்டாரத்தில் தேடினாலும் கிடைக்கமாட்டான். குவைத்தில் நர்ஸாக இருக்கும் மனைவியின் முகத்தை நான் பார்த்தது போனில் ஒரு ஆப் வழியாகத்தான். அது தினமும் அப்டேட் கேட்கும். நானும் தினமும் ‘பிறகு’ என்று அழுத்தி, பெரிய கம்பெனியையே காக்க வைத்துவிட்டதாகச் சிரித்துக்கொள்வேன். நான் மட்டும் இருக்கும் வீட்டில் என்னிடம் எதையாவது கேட்க அது ஒன்றுதான் இருந்தது.

ஒருநாள் ‘பிறகு’ பொத்தானையே காணோம். அப்டேட் செய்தால்தான் ஆப் திறக்குமாம்; என் பழைய போனிலோ அப்டேட் ஏறாது. வடசேரி கடைக்காரர் புதுப் போன்களை எடுத்துக் காட்டினார். விலையைக் கேட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அன்று சாதாரண காலில் அவளிடம் புலம்பினேன். “புதுசு வேண்டாங்கவனுக்குப் பழையத விட்டு வைக்கப்படாதா? கம்பெனிக்காரன் வேற வழி தரல்லேன்னா, ஏட்டி, நீயாவது நேர்ல வந்திரு. உன் மொகத்துக்கு அப்டேட் வேண்டாம்.”

“லீவு இல்ல.”