யோகண்ணைக்கு ஒரு கைத்துப்பாக்கி

போன ஞாயிற்றுக்கிழமை ஹெலன்ஸ்பர்க் கோயிலில் சிலர் புளி போட்டுக் குத்துவிளக்குத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சும்மா நின்ற என் கையிலும் ஒன்றைத் தந்தார்கள். ஈரப் பித்தளையின் வாசம் விரலில் ஏறியதும் சாமியை மறந்துவிட்டேன். சுட்டபின் துப்பாக்கியிலிருந்து தெறித்து விழுமே, அந்த ரவைக்கோதுக்கும் இதே வாசம்தான். ஊரில் சண்டையால் பள்ளிக்கூடத்தை மூடிய காலத்தில் நான் கோது பொறுக்கித் திரிந்தேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் கற்றது அது ஒன்றுதான். எந்தக் கோதை உதட்டில் வைத்து ஊதினால் நல்ல விசில் வரும் என்று கேட்டுப் பாருங்கள், இப்போதும் சொல்வேன்.

கோது என்றால் எனக்கு யோகண்ணை வந்துவிடுவார். அகதியாக இந்த நாட்டுக்கு வந்தபோது, பிளாக்டவுனில் அவருடைய மளிகைக் கடையில்தான் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தேன். அரிசி மூட்டை அடுக்குவதும் வீடுகளுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலை. வாய் பேசாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. யாராவது விலை கேட்டால் யோகண்ணையின் பக்கம் கையைக் காட்டிவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் போய்விடுவேன்.

ஒரு மத்தியானம் நான் சாமான் கொண்டுபோயிருந்த நேரத்தில் இரண்டு பேர் கடைக்குள் வந்து, அவருடைய கழுத்தில் கத்தியை வைத்து, கல்லாவை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பருப்பு அள்ளும்போதும் அவர் கதவையே பார்த்துக்கொண்டு நின்றதில் பாதிப் பருப்பு நிலத்தில் கொட்டியது.

"கதவுக்கு முதுகைக் காட்டி நிக்கேலாமக் கிடக்கு தம்பி. ஒரு பிஸ்டல் கிடந்தால் நிப்பன்" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் தேநீர் நேரம் முழுவதும் துப்பாக்கிப் பேச்சுத்தான். பக்கத்தில் இறைச்சிக்கடை வைத்திருந்த மன்னார் பாறூக் நானாவும் வந்துவிடுவார். எண்ணெய் டின்களைக் கவிழ்த்து வைத்து உட்காருவோம். யோகண்ணை தொலைபேசியில் வீடியோக்கள் பார்த்துத் தேறியிருந்தார்.

"ஒன்பது மில்லிமீற்றர் நல்லதாம். கனக்க ரவை போடலாமாம்."

"பெரிசா, நாப்பத்தஞ்சு காலிபர் எடுங்க அண்ணை" என்றார் நானா. "எங்கட மாமாவுக்குத் தொடையில பட்டது பெரிய ரவை. மனுசன் அந்த இடத்திலயே குந்திட்டார்."

யோகண்ணை சட்டையை விலக்கித் தோளைக் காட்டினார். "எனக்கு இதில பட்டது சின்னன். பட்டதே தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தனான். சின்னன் சரிவராது போலதான் கிடக்கு."

"ரவை வேணுமெண்டா உங்கட றாக்கையில கிலோக்கணக்கில ஈக்குதே, உப்புமாக் கிண்டலாம்" என்று நானா சிரித்தார்.

உலகத்தில் வேறு யாரும் இப்படித் துப்பாக்கி தெரிவு செய்திருக்க மாட்டார்கள். சுட்டுப் பார்த்தவர்கள் கையில் விழும் உதைப்பைப் பற்றியும் குறியைப் பற்றியும் பேசுவார்கள். எங்கள் மூன்று பேரில் ஒருவரும் ஒரு துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை. எங்களுக்கு அதன் வாய்ப்பக்கம் மட்டுமே தெரியும்.

பேச்சு ரவையின் முனைக்குப் போனது. உருண்டை முனை ஆளைத் துளைத்து அப்பாலும் போகுமாம். முனையில் குழி விட்டது உடம்புக்குள் விரிந்து நின்றுவிடுமாம். யோகண்ணை அதைத்தான் விரும்பினார். ஏனென்றால் கடைக்கும் குசினிக்கும் நடுவில் இருந்தது மெல்லிய பலகைச் சுவர். அதற்குப் பின்னால்தான் அவருடைய மனைவி ராணியக்கா கடைக்கு வடை சுடுவார்.

"ஆளில படாமல் தவறிப்போனால்?" என்று அன்றைக்கு என் வாய் கேட்டுவிட்டது.

யோகண்ணை அந்தச் சுவரை விரலால் தட்டினார். டொக் டொக்கென்று வெறுமையாகக் கேட்டது.

"ஆரது தட்டுறது? வடை இன்னும் வேகேல்ல" என்று உள்ளேயிருந்து ராணியக்காவின் குரல் வந்தது.

ஊரில் எங்கள் வீட்டுக் கதவையும் அலுமாரியையும் அதற்குள் மடித்திருந்த சேலைகளையும் கடந்து வந்த ரவை அம்மாவில்தான் நின்றது. தேத்தண்ணி ஆறுது என்று மட்டும் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை நல்ல சட்டை போட்டுக்கொண்டு மூன்று பேரும் துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் கைத்துப்பாக்கிகள் வரிசையாக இருந்தன. கடைக்காரர் வயதானவர், மரியாதையானவர். லைசென்ஸ் இருக்கிறதா, எதற்காகத் துப்பாக்கி என்று கேட்டார். யோகண்ணை இதற்காகத்தான் காத்திருந்தவர்போலச் சொல்லத் தொடங்கினார். கத்தி, கழுத்து, நித்திரை வராதது, அதற்கு முந்திய முகாம், அதற்கும் முந்திய பதுங்குகுழி. கடைசியில் பொத்தானைக் கழற்றித் தோளையும் காட்டினார். அகதி விசாரணையில் அவர் அப்படித்தான் காட்டினார். நானும் என் தழும்பை அப்படித்தான் காட்டினேன். எவ்வளவு பயம் என்று உள்ளபடி சொன்னதற்குத்தான் இந்த நாடு எங்களுக்குக் கதவைத் திறந்தது.

கடைக்காரர் முழுவதையும் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: கிளப்பில் சேர்ந்து குறி பார்த்துச் சுடுவதற்கென்றால் வழி இருக்கிறது. தன்னைக் காப்பாற்ற என்பதை இந்த நாட்டில் காரணமாக எடுக்க மாட்டார்கள். பயந்திருக்கிற மனிதனுக்குத் துப்பாக்கி கொடுக்கக் கூடாது.

காருக்குள் நானா சொன்னார்: "விளையாட்டுக்கெண்டு சொல்லியிருக்கலாமே அண்ணை."

"பயத்தைச் சொல்லித்தானேடாப்பா விசா எடுத்தனாங்கள்" என்றார் யோகண்ணை. "இப்ப அதே பயத்தாலதான் தரமாட்டினமாம்."

கடைக்காரர் சொன்னதில் பிழையில்லை என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் துப்பாக்கி இல்லாத யோகண்ணைக்கு அந்தக் கடைக் கதவோடு என்ன செய்வதென்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதலில் மணி அடித்தால்தான் திறப்பது என்று வைத்தார். பிறகு தெரிந்த முகத்துக்கு மட்டும் திறந்தார். பிறகு தெரிந்த முகங்களும் அவருக்குச் சந்தேகமாகிவிட்டன. சனம் வேறு கடைக்குப் போனது. இப்போது அந்த இடத்தில் நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். பலகைச் சுவரை இடித்து ஒரே அறையாக்கிவிட்டார்கள். பாறூக் நானா மகளோடு மெல்பேர்னுக்குப் போய்விட்டார்.

கோயிலிலிருந்து திரும்பும்போது குவேக்கர்ஸ் ஹில்லில் யோகண்ணையின் வீட்டுக்குப் போனேன். நல்ல வெயில், ஆனால் எல்லாத் திரைச்சீலையும் இழுத்து மூடியிருந்தது. மணியை அடித்தேன். உள்ளே கதிரையை நிலத்தில் இழுத்து அரக்கும் சத்தம் கேட்டது. முன்பென்றால் ஆரென்று கேளாமலே "வா தம்பி, தேத்தண்ணி குடி" என்று குரல் வரும்.

"அண்ணை, நான்தான்" என்றேன்.

கதவில் இருந்த சின்னக் கண்ணாடி ஓட்டை இருண்டது. யாரோ கண்ணை வைத்துப் பார்க்கிறார்கள்.

"அவர் படுத்திட்டார் தம்பி. பிறகு வாங்கோ" என்றது கதவுக்கு மிகக் கிட்டவாக ராணியக்காவின் குரல். அவருக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவதும் கேட்டது.

ஓம் அக்கா என்றேன். அப்போதுதான் கவனித்தேன். என்னை அறியாமலே இரண்டு வெறுங்கைகளையும் விரித்து, அந்த ஓட்டைக்குத் தெரியும்படி நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.