கிருமிக்கு ஆகாத சத்தம்

இரண்டாயிரங்களின் கடைசியில் செங்கல்பட்டில் ஒரு ஆராய்ச்சிக்கு உதவியாளராக இருந்தேன். காலையில் பழைய சோறு சாப்பிட்டால் குடலில் நல்ல கிருமிகள் பெருகுமா, அதனால் மனச்சோர்வு குறையுமா என்று பார்க்கிற வேலை. மாமல்லபுரம் பக்கம் வீடு வீடாகப் போய், "போன வாரம் அழுகை வந்துதா? எரிச்சல் வந்துதா?" என்று கேட்டு மார்க் போடுவேன். மலம் அடைத்த டப்பாக்களை ஐஸ் பெட்டியில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்புவேன். "வஞ்சிரமாம்மா?" என்று கண்டக்டர் கேட்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒரு வீட்டு அக்காவுக்குத்தான் சோர்வு மார்க் எல்லோரையும்விட அதிகம். அவர் கணவர் கடற்கரையில் தொப்பியும் கூலிங் கிளாஸும் விற்பவர். வீட்டிலும் கூவி விற்கிற குரல்தான். முதல் நாள் நான் கிருமிகளைப் பற்றிச் சொன்னதும் அவர் மிரண்டுபோனார்.

"வயித்துல உசுரோட கீதுங்களா?"

"ஆமாண்ணா, கோடிக்கணக்குல."

"நாம பேசறது அதுங்களுக்குக் கேக்குமா?"

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதமே அக்காவின் சோர்வு மார்க் தரைக்கு இறங்கிவிட்டது. எங்கள் பேராசிரியர் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எந்தக் கிருமி இந்த வேலையைப் பண்ணுது? ஓடிப்போய் இன்னொரு டப்பா வாங்கிட்டு வா" என்று துரத்தினார்.

சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். அண்ணன் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே குழம்பு கொதித்தது. அக்கா ஃபேனுக்குக் கீழே காலை நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் என் காதருகே வந்து குசுகுசுத்தார். "மெதுவா பேசும்மா. கத்துனா கிருமி செத்துப்பூடும்னு நீதான் சொன்னியாம். அடுப்பு அனலும் அதுக்கு ஆவாதாமே?"

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து அக்கா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஆமாண்ணா," என்றேன். "ரொம்ப ரோஷக்காரக் கிருமி."

பேராசிரியர் அம்மாவிடம் மட்டும் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அக்காவின் மார்க்கைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

"சோர்வு போனது நிஜம்தானேம்மா?" என்று கேட்டேன்.

"நிஜம்தான். புருஷன் துணி துவைச்சதை எந்த டப்பாவில் அடைச்சு லேபுக்கு அனுப்பறது?" என்றார் எரிச்சலாக.

ஆராய்ச்சி முடிந்ததைச் சொல்லப் போனபோது அக்கா தெருமுனையிலேயே என்னை மடக்கினார். "முடிஞ்சிச்சுன்னு அவராண்ட சொல்லிடாதம்மா, உனக்குப் புண்ணியமாப் போவும்."

சொல்லவில்லை. சில மாதம் கழித்துச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் அண்ணனே எதிரில் வந்தார். கையில் காய்கறிப் பை, அதில் முருங்கைக்காய் துருத்திக்கொண்டிருந்தது. பழக்கதோஷம், அங்கேயும் குசுகுசுவென்றுதான் பேசினார்.

"ஒரு பேஜாரும்மா. அந்தக் கிருமி இப்ப எங்கம்மாவுக்கும் ஒட்டிக்கிச்சாம். அவங்களும் அடுப்பாண்ட வரமாட்டேன்றாங்க. ஒருதபா வந்து டெஸ்ட் பண்ணிட்டுப் போயேன்!"